அறிகுறியிலிருந்து காரணத்துக்கு: சிந்தசைசர் பிழை நீக்கும் வழிமுறை

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆயர் ஈத்தாமில் உள்ள அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் சிந்தசைசர்களை, அதாவது ஒலியை மின்சுற்றால் உருவாக்கும் இசைக்கருவிகளை, பழுது பார்த்து வருகிறேன். "அண்ணே, செத்துப் போச்சு" என்று கொண்டுவரப்படும் கருவிகளில் கணிசமானவை மூடியைத் திறக்காமலே உயிர் பெற்றுத் திரும்பிவிடுகின்றன. அவற்றின் பழுது கருவிக்கு வெளியே, அதற்கு வரும் மின்சாரத்திலோ வடத்திலோ பினாங்கின் ஈரக் காற்றிலோதான் இருக்கும். ஆகவே, உங்கள் காதிலும் கண்ணிலும் முதலில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் பழகிய ஒழுங்கு ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் கேளுங்கள், கேட்டதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வடத்தை மாற்றி, சொக்கெட்டை மாற்றி, கணினியையும் அணைத்துப் போட்டு, மூன்றும் சேர்ந்து பழுதைப் போக்கிவிட்டால், அடுத்த வாரம் அதே பழுது திரும்பும்போது நீங்கள் ஒன்றும் தெரியாதவராகவே நிற்பீர்கள். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. சுவர் மின்சாரம் நேரடியாக உள்ளே நுழையும் கருவிகளில், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டர்கள் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரை வீட்டு மின்சாரத்தில் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் மின்வழங்கிப் பகுதியை வேறொருவரிடம் விட்டுவிடுவதே சரி.

சுவிட்சைப் போட்டால் விளக்கே எரியவில்லை

அதே சொக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் சொருகிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம்; நீட்டிப்புப் பலகையின் சிறிய சுவிட்ச் அணைந்திருந்ததற்காகப் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சொக்கெட் சரி என்றால் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: எத்தனை வோல்ட், நேர் மின்னோட்டமா மாறு மின்னோட்டமா, நடு முனை நேர்மின்னா எதிர்மின்னா. கிட்டார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டர்களில் நடு முனை பெரும்பாலும் எதிர்மின். கோர்க் வோல்கா வரிசைக் கருவிகள் கேட்பதும் 9 வோல்ட்தான், ஆனால் அவற்றுக்கு நடு முனை நேர்மின். பல முனைகள் கொண்ட பொது அடாப்டரைப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கி, துருவக் குறியைக் கவனிக்காமல் சொருகுவது பலர் செய்யும் தவறு. பாதுகாப்பு டயோடு உள்ள கருவி தப்பிக்கும், இல்லாத கருவி புகையும்.

ஜப்பானிலிருந்து ஏலத்தில் எடுத்த பழைய கருவி என்றால், பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய கருவிகளில் 240 என்று எழுதியிருக்கும், அதுவும் நமக்குப் பொருந்தும். 100 வோல்ட் கருவியை இங்கே நேரடியாகச் சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் மின்மாற்றியின் முதல் சுருளே கருகும். வாங்க வேண்டிய இறக்கு மின்மாற்றி சரியாக 100 வோல்ட் தருவதாக இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 110 வோல்ட் பெட்டியில் கருவி ஓடத்தான் செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர்கள் எப்போதும் தேவைக்கு மேல் சூடாகவே இருக்கும்.

மூன்று முனை பிளக்கினுள் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ், சுவரிலிருந்து வரும் வடத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே போட்டது; சிந்தசைசரைக் காப்பது அதன் சொந்த ஃபியூஸ்தான். அது போயிருந்தால் அதே அளவும் அதே வகையும் கொண்ட இன்னொன்றை ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். இரண்டாவதும் போனால் குற்றம் ஃபியூஸில் இல்லை, நிறுத்திவிடுங்கள். சுவிட்சைப் போட்டதும் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பானே விழுந்தாலும் அப்படித்தான், அங்கேயே நிறுத்துங்கள்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

ஒலிபெருக்கியையும் மிக்சரையும் விட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கருவியிலேயே சொருகிக் கேளுங்கள். அதில் ஒலி வந்தால் சிந்தசைசர் குற்றமற்றது. பின்பக்கத்தில் இடது, வலது என இரண்டு துளைகள் இருந்தால், ஒற்றை வடத்தை மோனோ என்று குறித்த துளையில்தான் சொருக வேண்டும். வால்யூம் பெடல் இணைந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பெடலின் வடம் உள்ளே அறுந்திருந்தால், ஒலியளவு பூச்சியத்தில் இருப்பதாகக் கருவி நம்பிக்கொண்டிருக்கும்.

ஹெட்ஃபோனிலும் மௌனம் என்றால் அடுத்த சந்தேகம் உள்விசை இணைப்பின் மீது விழ வேண்டும். கருவியின் விசைப்பலகைக்கும் அதன் ஒலிப் பகுதிக்கும் உள்ள தொடர்பை மிடி (இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) வழியாகத் துண்டிக்க முடியும். கட்டுப்பாட்டு எண் 122 அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கணினியுடன் ஒருமுறை இணைத்துப் பயன்படுத்தியபின் அது அணைந்தபடியே நின்றுவிட்டால், விசையை அழுத்தினால் மிடி செய்தி வெளியே போகும், ஒலி மட்டும் வராது. பட்டியலுக்குள் போய் லோக்கல் என்ற அமைப்பை மீண்டும் இயக்குங்கள்.

அனலாக் கருவியாக இருந்தால் இன்னொரு நல்ல சோதனை உண்டு. ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரில், வெட்டும் இடத்தைத் தீர்மானிக்கும் கட்டாஃப் திருகை நடுவில் வைத்து, அந்த இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்சை முழுவதுமாக ஏற்றி, ஒரு விசையைப் பிடித்துக்கொண்டிருங்கள். பல ஃபில்டர்கள் அந்நிலையில் தாமாகவே விசில் அடிக்கத் தொடங்கும். விசில் கேட்டால் ஃபில்டரிலிருந்து வெளிவாயில் வரையிலான பாதை முழுவதும் உயிரோடு இருக்கிறது. பழுது அதற்கு முன்னால், மூல ஒலியலையை உண்டாக்கும் ஆசிலேட்டரிலோ கலவைப் பகுதியிலோ இருக்கிறது. வழக்கமாகப் பாடும் ஃபில்டர் பாடாவிட்டால் ஃபில்டரில் தொடங்கி வெளிவாயிலை நோக்கித் தேடுங்கள். ஒரே திருகில் கருவியை இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஆனால் எல்லா ஃபில்டரும் பாடாது என்பதால், உங்கள் கருவி நன்றாக இருந்த நாளில் பாடியதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடியில் ஓயாத இரைச்சல்

எனக்கு மிகப் பிடித்த பழுது இது, ஏனெனில் இதைக் காதாலேயே பெரும்பகுதி தீர்த்துவிடலாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அந்த 50 ஹெர்ட்ஸைக் கீபோர்டில் தேடினால், கீழ் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸில் நிற்கும் ஜி விசைக்குச் சற்று மேலே விழும். பாடகர் மொழியில் சொன்னால் ஐந்து கட்டை, கொஞ்சம் ஏற்றம். 100 ஹெர்ட்ஸ் அதே சுரத்தின் அடுத்த ஸ்தாயி. ஆக, இரைச்சலோடு சேர்த்து அந்த விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால், எந்த ஸ்தாயி இரைகிறது என்பது தெரிந்துவிடும்.

கீழ் ஸ்தாயியில் மெத்தென்று "ம்ம்ம்" என வருவது பெரும்பாலும் நிலமிணைப்பு வளையம். சிந்தசைசர் தன் மூன்று முனை பிளக் வழியாக நிலத்தைத் தொடுகிறது. மிக்சரோ கணினியோ வேறொரு சொக்கெட் வழியாக நிலத்தைத் தொடுகிறது. இவை இரண்டையும் ஆடியோ வடத்தின் வெளிக் கவசம் இணைத்து வளையமாக்கிவிடுகிறது. இரு இடத்து நிலத்துக்கும் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு அக்கவசத்தின் வழியே ஓடும்போது, அதையும் இசை என்று எண்ணி மிக்சர் பெருக்கிக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சிந்தசைசரையும் ஹெட்ஃபோனையும் மட்டும் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் மறைந்தால் ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்து, எதைச் சொருகியதும் திரும்புகிறது என்று பிடியுங்கள். அனைத்தையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகுவதால் பல நேரம் தீரும். தீராவிட்டால் நிலத்தைப் பிரிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பெட்டியை (கருவியை மிக்சரோடு இணைக்கும் இடைப்பெட்டி) ஆடியோ வடத்தின் இடையில் வையுங்கள். பிளக்கின் நில முனையை வெட்டிவிடுவதையோ பிளாஸ்டிக் குச்சியால் ஏமாற்றுவதையோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரைச்சல் போகும், அதோடு, உள்ளே ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொடும் நாளில் உங்களைக் காக்க வேண்டிய பாதையும் போகும்.

அடுத்த ஸ்தாயியில், தகரம் அதிர்வது போல் "ர்ர்ர்" என்று கரடுமுரடாக வருவது, ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டாலும் மாறாதது, வால்யூம் திருகைக் குறைத்தாலும் சில நேரம் அப்படியே நிற்பது வேறு கதை. மாறு மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்போது எதிர்ப்பக்க அலையும் நிமிர்த்தப்படுவதால் 50 இரட்டித்து 100 ஆகிறது. அந்த மேடு பள்ளத்தைச் சமனாக்க வேண்டிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துவிட்டால் மேடு பள்ளம் அப்படியே ஒலிக்குள் நுழைந்துவிடும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் நாற்பது ஆண்டு இருந்த கருவியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மாற்றும்போது 105 டிகிரி என்று அச்சிட்டவற்றைப் போடுங்கள். கோலாலம்பூர் நண்பர்களுக்குப் புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகளில் இவை சில்லறையாகக் கிடைக்கும்.

கீச்சென்ற மெல்லிய ஒலி, அதுவும் கணினியின் மவுசை நகர்த்தும்போது மாறுகிறது என்றால், அது யூஎஸ்பி வடத்தின் வழியே வருகிறது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஐயமே இல்லை. இதற்கு எளிய மருந்து, கருவியில் ஐந்து முனை மிடி துளை இருந்தால் யூஎஸ்பியை விட்டுவிட்டு அதற்கு மாறுவது. 1983-இல் மிடியை வகுத்தவர்கள், செய்தியைப் பெறும் துளைக்குள் ஓர் ஒளி இணைப்பியை வைத்தார்கள். செய்தி அதனுள் ஒளியாக மாறித் தாண்டுவதால் இரு கருவிகளின் மின்சுற்றுகளும் தொட்டுக்கொள்வதே இல்லை. பின்னால் வந்த யூஎஸ்பிக்கு அந்தத் தீண்டாத தூரம் இல்லை.

இரைச்சலுக்கு நேரமும் ஓர் அறிகுறி. ஜார்ஜ்டவுனில் ஒரு நண்பர் வீட்டில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு இரைச்சல் அடங்கிவிடும். இரண்டு நாள் வடங்களை மாற்றிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அவருடைய தாயார் சாமி மேடையில் சுவிட்சைப் போட்ட அதே நொடியில் ஒலிபெருக்கி "ர்ர்" என்றது. முருகன் படத்தைச் சுற்றி மின்னிய எல்இடி சரத்தின் மலிவான மின்வழங்கிதான் காரணம். சரத்தை வேறு சொக்கெட்டுக்கு மாற்றினோம். அம்மாவின் முருகனும் நண்பரின் பேஸ் ஒலியும் இப்போது சமாதானமாக இருக்கிறார்கள்.

சுருதி நிற்கவில்லை

முதலில் உங்கள் கருவியின் ஆசிலேட்டர் எவ்வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் கருவிகளிலும், ரோலண்ட் ஜூனோ போன்று எண்முறைக் கட்டுப்பாடுள்ள ஆசிலேட்டர் கொண்டவற்றிலும், சுருதி ஒரு கடிகார மூலத்திலிருந்து எண்ணிப் பிரித்து எடுக்கப்படுகிறது. அவை வெப்பத்தால் விலகுவதில்லை. அவற்றில் சுருதி தவறினால் பின்பக்க டியூன் திருகை யாரோ திருப்பியிருக்கிறார்கள், அல்லது பிட்ச் பெண்ட் சக்கரம் நடுவுக்குத் திரும்பவில்லை. மிடியில் அச்சக்கரத்தின் நடு எண் 8192. கணினியில் மிடி செய்திகளைக் காட்டும் மென்பொருளைத் திறந்து, சக்கரத்தை இருபுறமும் தள்ளிவிட்டு விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் வந்து நின்றால் சக்கரத்தின் கீழுள்ள பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. நம்மவர்கள் கமகத்துக்காக அந்தச் சக்கரத்தைப் படுத்தும் பாட்டுக்கு அது மற்ற உறுப்புகளுக்கு முன்பே தேய்வதில் வியப்பில்லை.

மின்னழுத்தத்தால் இயங்கும் உண்மையான அனலாக் ஆசிலேட்டர் என்றால், இயக்கியபின் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். குளிர்ந்த கருவிக்குச் சுருதி சேர்ப்பது வீண் வேலை. இத்தகைய கருவியில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்தக் கணக்கைச் செய்து கொடுக்கும் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.33 சதவீதம் மாறும் இயல்புடையது. ஈடுசெய்யும் உறுப்பு இல்லாமல் ஐந்து டிகிரி மாறினால், அடிப்படைச் சுரத்துக்கு மூன்று ஸ்தாயி மேலே அரைச்சுரத்தில் (அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி) பாதிக்கும் அதிகமாக விலகியிருக்கும். அதற்காகவே வெப்பத்தோடு மின்தடை மாறும் ஒரு ரெசிஸ்டரை அந்த டிரான்சிஸ்டரை ஒட்டியே வைக்கிறார்கள். ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முந்தைய பழுதுபார்ப்பில் அது பெயர்ந்து தனியே நின்றால் ஈடு செய்யாது. குளிர்சாதனத்தின் காற்று நேரடியாகக் கருவியின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்தாலும் அதே விளைவுதான். கருவியின் இடத்தை மாற்றிப் பார்க்காமல் உள்ளே இருக்கும் டிரிம்மரை, அதாவது சுருதியைத் திருத்தும் சிறு திருகை, தொடாதீர்கள்.

மாடுலர் (தனித்தனிப் பகுதிகளை வடங்களால் இணைத்து அமைக்கும் சிந்தசைசர்) வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. கீழ்ச் சுரங்கள் சரியாக இருந்து, மேலே போகப் போகச் சுருதி இறங்கிக்கொண்டே போகிறதா? சுருதியைச் சொல்லும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை வெறும் பிரிப்புப் பெட்டியால் இரண்டு மூன்று ஆசிலேட்டர்களுக்குப் பங்கிட்டிருப்பீர்கள். அனுப்பும் வாயிலின் மின்தடை 1 கிலோ ஓம், பெறும் வாயிலின் மின்தடை 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம்; ஒரே ஓர் ஆசிலேட்டர் இணைந்தாலே 3 வோல்ட்டில் 30 மில்லிவோல்ட் குறைந்துவிடும். ஓர் அரைச்சுரம் என்பது 83 மில்லிவோல்ட்தான். ஒற்றை ஆசிலேட்டரோடு சுருதி சேர்த்துவிட்டு இரண்டாவதைச் சொருகினால் மேலும் 29 மில்லிவோல்ட் இறங்கி, அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகும். இடையே பஃபர் (மின்னழுத்தம் குறையாமல் தாங்கிக் கொடுக்கும் சுற்று) உள்ள பிரிப்பு மாடுலைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

கோர்க் எம்எஸ்-20 போன்ற 1970-களின் சில கருவிகள் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற முறையையே பின்பற்றுவதில்லை. அவற்றில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் மின்னழுத்தம் இரட்டிக்கும்: 1, 2, 4, 8 என்று போகும். இன்றைய மாடுலர் விசைப்பலகையை அதில் நேரடியாக இணைத்தால் ச-வுக்குப் பின் எந்தச் சுரமும் இடத்தில் உட்காராது. இடையே மாற்றுக் கருவி வேண்டும், வேறு வழியில்லை.

சில சுரங்கள் மட்டும் கரகரக்கின்றன, அதுவும் முறை வைத்து

ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தும்போது ஐந்து முறை நன்றாக ஒலித்து ஆறாவது முறை மட்டும் பொரிகிறது, அல்லது ஓயாமல் முனகுகிறது என்றால், விசையைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கும் ஆறு குரல் கருவியில் ஒரு குரலின் மின்சுற்று பழுதாகியிருக்கிறது. கருவி முறை வைத்துக் குரல்களை ஒதுக்குவதால் அதன் முறை வரும்போது மட்டும் குட்டு வெளிப்படுகிறது. எட்டுக் குரல் என்றால் எட்டில் ஒன்று. எண்ணிப் பாருங்கள், அதுவே நோயறிதல்.

1984-இல் வந்த ஜூனோ-106 இதற்குப் பெயர் போனது. அதில் ஒவ்வொரு குரலின் ஃபில்டரையும் ஒலியளவையும் கவனிக்கும் 80017ஏ என்ற சிறு பலகையை எபாக்சிப் பசையில் முக்கி மூடியிருந்தார்கள். காலப்போக்கில் அந்தப் பூச்சே மின்கசிவுக்கு வழி செய்கிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கருவியை இயக்கினால் சோதனை நிலைக்குப் போகும். விசையை அழுத்த அழுத்த எந்தக் குரல் ஒலிக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டும். பழுதான பலகையைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரிப்பவர்கள் இருக்கிறார்கள், பலன் தருவதும் உண்டு. பொறுமை இல்லாதவர்களுக்குப் புதிதாகச் செய்த மாற்றுப் பலகைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. என் பரிந்துரை அதுவே, ஏனெனில் ஒன்று போன கருவியில் மற்ற ஐந்தும் அதே வயதுடையவை.

ஒரு விசை மட்டும் அலறுகிறது

பஜனைக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் பிறையிலிருந்து தன் கீபோர்டைக் கொண்டு வந்தார். "மத்திமம் மட்டும் கத்துதுண்ணே, மெதுவாத் தொட்டாலும் கத்துது" என்றார். மற்ற விசைகள் எல்லாம் சாதுவாக இருந்தன.

விசையின் அழுத்த வேகத்தைக் கருவி எவ்வாறு அறிகிறது என்று தெரிந்தால் இந்தப் பழுது தானாகவே விளங்கும். ஒவ்வொரு விசையின் கீழும் ரப்பர் குமிழில் இரண்டு கரித் தொடுகைகள் இருக்கின்றன. ஒன்று சற்று முன்னதாகவும் மற்றொன்று சற்றுப் பின்னதாகவும் பலகையைத் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகமாக அடித்தீர்கள் என்று பொருள். முதல் தொடுகையில் அழுக்குப் படிந்து அது தாமதமாகத் தொட்டால், இடைவெளி குறுகி, மெல்லத் தொட்டதையும் ஓங்கி அடித்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும். அழுக்கு இன்னும் கூடினால் விசை ஊமையாகும்.

திறந்து பார்த்தபோது, விசைகளின் கீழே நீளமாகச் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. விபூதி! தட்டு நீட்டப்படும் இடத்துக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் வாசித்ததன் பலன், சாம்பிராணிப் புகையின் பிசுக்கோடு சேர்ந்து ரப்பர் விளிம்பில் இறுகியிருந்தது. பஞ்சு நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறிதே நனைத்து, பலகையின் கரித் தடங்களையும் ரப்பரின் கரிப் புள்ளிகளையும் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, கரி போய்விட்டால் திரும்பி வராது. அசிட்டோன் இங்கே கூடவே கூடாது. நன்றாக உலர்ந்தபின் ரப்பர்ப் பட்டையின் காம்புகளை மழுங்கிய பென்சில் முனையால் துளைகளுக்குள் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு காம்பு உட்காராமல் போனாலும், பக்கத்து விசை கத்தத் தொடங்கும்.

திருகினால் கரகரப்பு

மின்தொடுகைச் சுத்திகரிப்புத் தெளிப்பானை இடைவெளியில் ஒரு சொட்டு விட்டு, திருகை முப்பது முறை முழுவதுமாகச் சுழற்றுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான் வேண்டாம். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, தூசியை இழுத்துச் சேறாக்கிவிடும். கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரம் நீக்கும் அலமாரி சிறு கருவிகளுக்கு மிகப் பொருத்தம். பெரிய கருவிக்கு ஒரு துணி உறை போதும், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

மிடி செய்யும் குறும்புகள்

சுரம் ஓயாமல் நின்று ஒலித்தால், விசையை விட்ட செய்தி வழியில் தொலைந்துவிட்டது. எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் கட்டளைக்கான எண் 123. பல மென்பொருள்களில் அதற்கெனப் பொத்தானே இருக்கும். அடிக்கடி நடந்தால் வடத்தை மாற்றுங்கள்.

ஒவ்வொரு சுரமும் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒலித்து, குரல்களும் பாதியில் தீர்ந்துவிட்டால், ஒரே சுரம் இரண்டு முறை ஒலிக்கிறது. விசைப்பலகை நேராக ஒரு முறை ஒலிக்கச் செய்கிறது. கணினிக்குப் போன செய்தி எதிரொலித்துத் திரும்பி இன்னொரு முறை ஒலிக்கச் செய்கிறது. மேலே சொன்ன லோக்கல் அமைப்பை இப்போது அணைக்க வேண்டும்.

சிறிய 3.5 மில்லிமீட்டர் மிடி துளையில் எதுவுமே போகவில்லை என்றால், அது ஏ வகையா பி வகையா என்று கையேட்டில் பாருங்கள். 2018-இல்தான் ஏ வகையைத் தரமாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய கருவிகளில் முனையும் வளையமும் இடம் மாறியிருக்கலாம்.

தாளப்பெட்டி வெறி பிடித்ததுபோல் ஓடினால் கடிகாரத் துடிப்புக் கணக்கு பொருந்தவில்லை. மிடி ஒரு கால் சுரத்துக்கு, அதாவது ஒரு தாளத் தட்டுக்கு, 24 துடிப்பு அனுப்புகிறது. வோல்காவின் சிங்க் துளை (தாளத்தை ஒத்திசைக்கும் துளை) 2 துடிப்பை எதிர்பார்க்கிறது. மிடியின் துடிப்பை அப்படியே துளைக்குள் விட்டால் பன்னிரண்டு மடங்கு வேகம்.

அணைத்துப் போட்டால் அமைத்த ஒலிகள் எல்லாம் அழிகின்றன

உள்ளே உள்ள நினைவக மின்கலம் தீர்ந்துவிட்டது. யமாஹா டிஎக்ஸ்-7, ஜூனோ-106 போன்றவற்றில் 3 வோல்ட் லித்தியம் மின்கலத்தைப் பலகையோடு சாலிடர் செய்திருப்பார்கள். கழற்றிய கணமே நினைவகம் காலியாகும். ஆகவே கழற்றுவதற்கு முன் ஒலிகளைப் பிரதி எடுங்கள்: டிஎக்ஸ்-7 தன் 32 ஒலிகளையும் மிடி வழியாக 4104 பைட் அளவில் ஒரே கட்டாக அனுப்பும், ஜூனோ ஒலிநாடாவுக்கான துளையின் வழியே அனுப்பும். புதிய மின்கலத்தைத் தாங்கியோடு வைத்துவிட்டால் அடுத்த முறை சாலிடர் தேவைப்படாது.

1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்கள், பழுது தெரியும்வரை காத்திருக்காமல் இன்றே திறந்து பாருங்கள். அதிலுள்ள நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை நிறப் பொருக்கு தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது. கசிவது காரம் என்பதால் மின்கலத்தை அகற்றியபின் வெள்ளை வினிகரால் ஒற்றி நடுநிலைப்படுத்தி, பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும்.

வீட்டில் சரி, மேடையில் மட்டும் தகராறு

வீட்டில் குளிர்சாதன அறையில் 21 டிகிரியில் இருந்த கருவியை, இரவு எட்டு மணிக்குத் திறந்தவெளி மேடையில் உறையிலிருந்து எடுத்தவுடன் பொத்தான்கள் தாமாக அழுந்துகின்றன, திருகுகள் தாவுகின்றன, அரை மணியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஐஸ் காப்பி டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கருவியின் உள்ளேயும் அதுதான் நடக்கிறது. 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவுக் காற்றில், ஏறத்தாழ 24 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பின் மீதும் நீர் படியும். பலகையின் மேலும் படியும்.

ஆகவே மேடைக்குப் போனதும் உறையின் ஜிப்பைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் மூடியபடியே வெளிக்காற்றில் விட்டால், உறைக்குள் இருக்கும் உலர்ந்த காற்றோடு கருவியும் மெதுவாகச் சூடேறிவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் பந்தலில் வாசிப்பவர்கள், கருவியை முந்தின மாலையே குளிர்சாதன அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி வைத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் மிச்சம்.